முதுகுக்குப் பின்னால் என்ஜின்: எட்டாம் தலைமுறை கார்வெட்டை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2019 ஜூலை 18 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள டஸ்டின் என்னும் ஊரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் வான்கப்பல்களை நிறுத்தி வைப்பதற்காக மரத்தாலேயே எழுப்பப்பட்ட ஒரு மாபெரும் கொட்டகையில், செவர்லே நிறுவனம் கார்வெட் என்னும் தன் ஸ்போர்ட்ஸ் காரின் எட்டாம் தலைமுறையை அறிமுகப்படுத்தியது. 1953 முதல் ஏழு தலைமுறைகளாகக் கார்வெட் என்றால் நீண்ட பானெட்டும், அதன் பின்முனையில், ஏறத்தாழப் பின்சக்கரங்களை ஒட்டி அமர்ந்திருக்கும் ஓட்டுநரும்தான் அடையாளம். புதிய காரில் அந்த மூக்கு குட்டையாகிவிட்டது. ஓட்டுநரின் இருக்கை முந்தைய காரில் இருந்ததைவிட 16.5 அங்குலம், அதாவது சுமார் 42 சென்டிமீட்டர், முன்னால் நகர்ந்திருந்தது. என்ஜின் அவருடைய முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

அந்தக் காரைப் பற்றி வெளியான எண்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய, ஏழாம் தலைமுறையின் உச்ச வடிவமான இசட்ஆர்1, சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய 755 குதிரைத்திறன் என்ஜினைக் கொண்டது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (சுமார் 96 கி.மீ.) வேகத்தை அது 2.85 விநாடியில் எட்டும் என்று நிறுவனம் கூறியது. எட்டாம் தலைமுறையின் தொடக்க நிலைக் காரோ, இசட்51 என்ற கூடுதல் உபகரணத் தொகுப்புடன் வாங்கினால் 495 குதிரைத்திறன்தான். ஆனாலும் அதே வேகத்தை அது 2.9 விநாடியில் எட்டியது. 260 குதிரைத்திறன் குறைவு, இழந்த நேரமோ ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. இது எப்படி முடிந்தது என்று புரிந்துகொண்டால், நடு என்ஜின் என்ற அமைப்பின் பாதிப் பொருள் புரிந்துவிடும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு காரில் முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கோட்டை முன்னச்சு என்றும், பின்சக்கரங்களை இணைக்கும் கோட்டைப் பின்னச்சு என்றும் வைத்துக்கொள்வோம். என்ஜினின் எடை இந்த இரண்டு அச்சுகளுக்கும் இடையில் விழுந்தால் அது நடு என்ஜின் கார். பின்னச்சையும் தாண்டி அதற்குப் பின்னால் தொங்கினால் அது பின் என்ஜின் கார். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் போர்ஷே 911-உம் இந்த வகை. கண்டிப்பாகச் சொல்வதானால், முந்தைய சில தலைமுறைக் கார்வெட்டுகளிலும் என்ஜின் முன்னச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தது; ஆகவே அவற்றை ‘முன் நடு என்ஜின்’ என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. எனினும் பேச்சு வழக்கில் நடு என்ஜின் என்றால், ஓட்டுநருக்குப் பின்னாலும் பின்னச்சுக்கு முன்னாலும் என்ஜின் அமர்ந்திருக்கும் அமைப்பையே குறிக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அதே பொருள்தான்.

என்ஜின் எவ்வளவு சக்தியை உருவாக்கினாலும், டயர் தரையைத் தொடும் அந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான் அது சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பரப்பில் கிடைக்கும் பிடிமானம் இரண்டு காரணிகளைப் பொறுத்தது: ரப்பரின் தன்மை ஒன்று, அந்த டயரின் மேல் அழுத்தும் எடை மற்றொன்று. இங்கே ஒப்பிடும் இரண்டு கார்வெட்டுகளும் பின்சக்கரங்களால் உந்தப்படுபவை என்பதால், பின்சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை நிற்கிறது என்பதே அவற்றின் புறப்பாட்டைத் தீர்மானிக்கிறது. ஏழாம் தலைமுறைக் காரில் முன்னும் பின்னும் எடை ஏறத்தாழ ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரிந்திருந்தது. எட்டாம் தலைமுறையில் அது ஏறத்தாழ நாற்பதுக்கு அறுபது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகக் காரின் எடை 1,600 கிலோ என்று கொண்டால், முன்னதில் பின்சக்கரங்களின் மேல் 800 கிலோவும் பின்னதில் 960 கிலோவும் நிற்கின்றன. ஒரே வகை டயரைப் போட்டாலும் இரண்டாவது காருக்கு 20 சதவீதம் கூடுதல் பிடிமானம், ஒரு குதிரைத்திறனையும் கூட்டாமலேயே கிடைத்துவிடுகிறது.

இது கார் நின்றுகொண்டிருக்கும்போது உள்ள கணக்கு. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் காரின் மூக்கு சற்றே தூக்கிக்கொள்வதையும் பின்புறம் தாழ்வதையும் எல்லோரும் கவனித்திருப்போம். முடுக்கத்தின்போது எடையின் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறுவதன் வெளித்தோற்றம் அது. மணிக்கு 60 மைல் என்பது விநாடிக்கு 26.8 மீட்டர்; அதை 2.9 விநாடியில் எட்டுவதென்றால் சராசரி முடுக்கம், பொருள்கள் தரையை நோக்கி விழும் முடுக்கத்தில் ஏறத்தாழ 94 சதவீதம். காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் கார்வெட்டில் உள்ளபடி 2.72 மீட்டர் என்றும் கொண்டால், அந்த முடுக்கத்தில் காரின் மொத்த எடையில் சுமார் 17 சதவீதம் பின்னோக்கி மாறும். ஐம்பதுக்கு ஐம்பது காரில் அப்போது பின்சக்கரங்கள் 67 சதவீத எடையையும், நாற்பதுக்கு அறுபது காரில் 77 சதவீத எடையையும் தாங்குகின்றன. அதாவது நடு என்ஜின் காரில், புறப்படும் அந்தச் சில விநாடிகளுக்கு, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட எடை இரண்டே டயர்களின் மேல் நிற்கிறது.

இதே கணக்கை டயரின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்த முடுக்கத்தைத் தர, முதல் காரின் டயருக்குச் சுமார் 1.4 என்ற உராய்வுக் குணகம் தேவைப்படுகிறது; இரண்டாவது காருக்குச் சுமார் 1.2 போதும். பள்ளியில் உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டாது என்று மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு இந்த எண்களே வியப்பாக இருக்கலாம். சூடேறிய மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்வதால் நல்ல டயர்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன. ஆனாலும் 1.2-க்கும் 1.4-க்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பழைய இசட்ஆர்1 அந்தத் தூரத்தைக் கடக்க 335 மில்லிமீட்டர் அகலமுள்ள பின் டயர்களைப் போட வேண்டியிருந்தது. புதிய தொடக்க நிலைக் காருக்கு 305 மில்லிமீட்டரே போதுமானதாக இருந்தது. 755 குதிரைத்திறனில் பெரும்பகுதியை அந்தப் பழைய காரால் முதல் சில விநாடிகளில் செலவழிக்கவே முடியவில்லை என்பதுதான் உண்மை. அது பயன்பட்டது பின்னர், வேகம் ஏறிய பிறகு.

பின்சக்கரங்களின் மேல் எடை கூடுவது இவ்வளவு நன்மை என்றால், என்ஜினைப் பின்னச்சுக்கும் பின்னால் தள்ளிவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். புறப்படுவதற்கு மட்டும்தான் கார் என்றால் அது சரியான யோசனையே. ஆனால் கார் திரும்பவும் வேண்டும்.

ஒரு பொருளை நேராகத் தள்ளுவதற்கு அதன் எடை மட்டுமே கணக்கு. அதைத் திருப்புவதற்கோ, அந்த எடை சுழலும் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் கணக்கு; அதிலும் தூரத்தின் இருமடியாகக் கணக்கு. இதைத்தான் பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. காவடித் தண்டின் இரு முனைகளிலும் இரண்டு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருபவரைப் பின்னாலிருந்து யாராவது அழைத்தால், அவரால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே இரண்டு குடங்களையும் இடுப்போடு அணைத்து வைத்திருப்பவர் எளிதாகத் திரும்பிவிடுவார். இரண்டு பேரும் சுமப்பது ஒரே எடை; இருவருக்குமே எடை இரு பக்கமும் சமம்.

ஏழாம் தலைமுறைக் கார்வெட் முதலாமவரின் நிலையில்தான் இருந்தது. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை முதலே, எடையைச் சமப்படுத்துவதற்காக, என்ஜினை முன்னால் வைத்துக் கியர்பாக்ஸை மட்டும் பிரித்தெடுத்துப் பின்னச்சுக்குக் கொண்டுபோய், இரண்டையும் காரின் நடுவே ஓடும் ஒரு நீண்ட குழாயால் இணைத்திருந்தார்கள். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. தராசில் வைத்தால் முன்னும் பின்னும் சமமாக வரும். ஆனால் மிகக் கனமான இரண்டு பாகங்கள் காரின் இரு கோடிகளில் நின்றன. விளம்பரங்கள் ஐம்பதுக்கு ஐம்பது என்பதை ஒரு புனித எண்ணாகவே ஆக்கிவிட்டதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எடை சமமாகப் பிரிவதும், எடை நடுவில் திரள்வதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். எட்டாம் தலைமுறையில் என்ஜினும் அதை ஒட்டியே கியர்பாக்ஸும் ஒரே கட்டாகப் பின்புறம் சேர்ந்துவிட, அந்த நீண்ட குழாய்க்கே வேலை இல்லாமல் போயிற்று. கனமான பொருள்கள் ஒன்றையொன்று நெருங்கியதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே வளைவை நோக்கித் திரும்புகிறது. முன்சக்கரங்களின் மேல் எடையும் குறைவு என்பதால் ஸ்டீயரிங்கில் கைக்குப் படும் பாரமும் குறைகிறது. பின்னச்சுக்கு அப்பால் என்ஜினைத் தொங்கவிட்ட கார்களில் இந்த நன்மை கிடைப்பதில்லை; வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால் பின்புறம் வெளியே வீசிக்கொண்டு போகும் குணம் அவற்றின் பழைய மாதிரிகளுக்குப் பேர்போனது.

இந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு விலையும் உண்டு. எளிதில் திரும்பும் பொருள் எளிதில் சுழன்றும் போகும். நடு என்ஜின் கார் பிடிமானத்தின் எல்லையைத் தாண்டும்போது, ஓட்டுநருக்குச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால்தான் எட்டாம் தலைமுறையின் தொடக்க நிலைக் காரில், முன் டயர்களை 245 மில்லிமீட்டர் என்று குறுகலாகவும் பின் டயர்களை 305 என்று அகலமாகவும் வைத்து, எல்லையை நெருங்கும்போது முன்புறம் முதலில் வழுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். முன்புறம் வழுக்கினால் கார் நினைத்ததைவிட அகலமாக வளையும், அவ்வளவுதான். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துபவர்களையும் அது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். பந்தயத் தடத்தில் பழகியவர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது பொறுப்பான முடிவாகவே படுகிறது. தலைமுறை தலைமுறையாக முன் என்ஜின் காரையே ஓட்டிப் பழகியவர்கள்தான் இதன் முதல் வாடிக்கையாளர்கள்.

பிரேக் பிடிக்கும்போதும் இந்த அமைப்பு கைகொடுக்கிறது. பிரேக் போட்டதும் எடை முன்னோக்கிப் பாய்வதால், முன்னால் கனமுள்ள காரில் பின் டயர்கள் ஏறக்குறையச் சும்மா உருண்டுகொண்டிருக்கும். பின்னால் கனமுள்ள காரில் அவற்றின் மேல் போதிய எடை மிஞ்சியிருப்பதால் நான்கு டயர்களும் நிறுத்தும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இனி உயரம். ஈர்ப்பு மையம் தரைக்கு அருகில் இருந்தால் வளைவில் கார் சாய்வது குறையும் என்பது தெரிந்ததே. என்ஜினைக் கீழே இறக்க நினைப்பவருக்கு முதல் தடை, அதன் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. அந்தத் தொட்டியிலேயே இன்னொரு தொல்லையும் உண்டு: கார் வேகமாக வளையும்போது ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கினால் என்ஜின் கெட்டுவிடும். எல்டி2 என்று பெயரிடப்பட்ட இந்த 6.2 லிட்டர் வி8 என்ஜினில் (V எழுத்தின் வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்கள் கொண்டது), கீழே விழும் ஆயிலை மூன்று பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சித் தனியாக நிற்கும் ஒரு தொட்டிக்கு அனுப்பிவிடுகின்றன. இதை உலர் சம்ப் அமைப்பு என்பார்கள். முந்தைய தலைமுறையில் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கே கிடைத்த இந்த வசதி, எட்டாம் தலைமுறையில் எல்லாக் கார்களிலும் வந்தது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், சிலிண்டர்களின் உச்சியில் உட்காராமல் வி எழுத்தின் அடியில் என்ஜின் உடலுக்குள்ளேயே இருப்பது பழைய பாணி என்று ஐரோப்பியர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அதனால்தான் இந்த என்ஜின் தலை கனக்காமல் குட்டையாக நிற்கிறது.

இத்தனை நன்மைகளும் பந்தய உலகத்துக்கு வெகு காலமாகத் தெரிந்தவை. 1959-இல் ஜாக் பிராபம், கூப்பர் நிறுவனத்தின் நடு என்ஜின் காரில் ஃபார்முலா ஒன் உலக வாகையரானார். அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே முன் என்ஜின் கார்கள் அந்தப் பந்தயத்திலிருந்து மறைந்தன. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1965-இல் ஜிம் கிளார்க் நடு என்ஜின் லோட்டஸில் வென்றார். 1966-இல் ஃபோர்டின் ஜிடி40 கார்கள் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அதே ஆண்டில் லம்போர்கினி மியூரா சாலைக்கு வந்தது. கார்வெட்டுக்கு மட்டும் 2019 வரை ஏன் ஆயிற்று?

விருப்பம் இல்லாமல் அல்ல. பிரஸ்ஸல்ஸில் 1909-இல் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்து, 1953-இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, பின்னர் கார்வெட்டின் தலைமைப் பொறியாளராக 1975 வரை பணியாற்றிய ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் ஏறத்தாழத் தன் பணிக்காலம் முழுவதும் இதற்காகவே வாதாடினார். அவர் ஏட்டறிவை மட்டும் வைத்துப் பேசியவர் அல்லர். 1954-இலும் 1955-இலும் லு மான் பந்தயத்தில் போர்ஷே 550 என்னும் சிறிய நடு என்ஜின் காரை ஓட்டித் தன் பிரிவில் வென்றவர். 1957-இல் அவர் உருவாக்கிய கார்வெட் எஸ்எஸ் என்ற முன் என்ஜின் பந்தயக் கார் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் ஓடியபோது, என்ஜினின் வெப்பம் ஓட்டுநரின் அறைக்குள் தேங்கி அவரை வாட்டியது. காரும் பாதியில் விலகியது. என்ஜினைப் பின்னால் கொண்டுபோனால் ஓட்டுநர் காற்றுக்கு முன்னும் வெப்பத்துக்கு அப்பாலும் இருப்பார் என்பதும் அவர் வாதத்தின் ஒரு பகுதி. 1960-இல் செர்வ் 1, 1964-இல் செர்வ் 2 என்று அவர் சோதனைக் கார்களைக் கட்டிக் காட்டினார். 1970-இல் நியூயார்க் கண்காட்சியில், என்ஜினைக் குறுக்குவாட்டில் நடுவே பொருத்திய எக்ஸ்பி-882 என்ற மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் வழியில் 1973-இல், பிஸ்டன்களுக்குப் பதில் சுழலும் நான்கு ரோட்டர்களைக் கொண்ட வாங்கெல் என்ஜினுடன் ஒரு மாதிரி வந்தது. நிறுவனம் வாங்கெல் திட்டத்தைக் கைவிட்டதும் அதிலேயே வி8 என்ஜினைப் பொருத்தி ஏரோவெட் என்று பெயரிட்டார்கள். ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை.

ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் இருந்தது: எண்ணெய் நெருக்கடி, புகை விதிகள், புதிய கியர்பாக்ஸுக்கான செலவு, கடைசியாக 2008-09 பொருளாதார வீழ்ச்சி. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் எளியது. முன் என்ஜின் கார்வெட் நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது. விற்கும் பொருளின் உருவத்தைத் தலைகீழாக மாற்ற எந்த நிர்வாகமும் துணியாது. டன்டோவ் 1996-இல் காலமானார். அவருடைய அஸ்தி கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில், கார்வெட் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகத்தை இறுதியில் அசைத்தது, முன் என்ஜின் அமைப்பு தன் எல்லையைத் தொட்டதுதான் என்றே சொல்ல வேண்டும். அதற்கு மேல் சக்தியைக் கூட்டினால் பின் டயர்கள் புகைவது ஒன்றுதான் மிஞ்சும் என்ற நிலை வந்தபோது, டேட்ஜ் ஜுக்டர் தலைமையிலான பொறியாளர் குழுவின் கோரிக்கையை மறுக்க வழியில்லாமல் போயிற்று.

நடு என்ஜின் காரை வடிவமைப்பதில் பெரிய சிக்கல், என்ஜின் விட்டுச்செல்லும் இடத்தைவிட அது போய்ச் சேரும் இடத்தில்தான். காற்று நேராகப் படும் மூக்கில் இருந்த என்ஜின், காற்றே படாத பின்புறத்துக்குப் போகிறது. ஆகவே முன்புற ரேடியேட்டர்களுக்கும் என்ஜினுக்கும் இடையே காரின் நீளத்துக்குக் குழாய்கள் ஓட வேண்டும். கதவுகளுக்குப் பின்னால் காற்றை உள்ளிழுக்கும் வாய்கள் தேவை. புதிய கார்வெட்டில் கதவைத் திறக்க வருபவர் கைப்பிடியைத் தேடித் தடுமாறுவார். அந்தக் காற்று வாயின் மேல் விளிம்புக்கு அடியில் விரல்களை நுழைத்தால் அங்கே ஒளிந்திருக்கிறது பொத்தான். என்ஜினின் மேல் மூடியாக இருப்பது பெரிய கண்ணாடி. எடையைக் குறைக்க அதன் தடிமனை 3.2 மில்லிமீட்டருக்கு இறக்கியிருக்கிறார்கள். வழியில் போகிறவர்கள் குனிந்து அதன் வழியே வி8 என்ஜினைப் பார்க்கலாம். ஆனால் உள்ளே இருப்பவருக்குப் பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியாது என்பதால், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் கேமரா காட்சியைக் காட்டும் திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

என்ஜினுக்கும் பின்னால் ஒரு டிக்கி, மூக்கில் இன்னொரு சிறிய டிக்கி. இரண்டு கோல்ஃப் பைகள் பின் டிக்கியில் அடங்க வேண்டும் என்பது கார்வெட்டின் எழுதப்பட்ட இலக்கணம் போல ஆகிவிட்டது. அல்லது கழற்றி எடுத்த கூரைப் பலகையை அங்கே வைக்கலாம். மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் காருக்கு கோல்ஃப் பைதான் அளவுகோல் என்பது வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கும்; ஆனால் அந்தக் காரை வாங்குபவர்களில் பலர் ஓய்வுக் காலத்தை நெருங்கியவர்கள் என்பதைச் செவர்லே நன்றாக அறியும்.

பலரை வருத்தப்படுத்திய மாற்றம் வேறொன்று. கால் கிளட்சும் கையால் மாற்றும் கியரும் இந்தத் தலைமுறையில் இல்லை. என்ஜின் முதுகுக்குப் பின்னால் போனபின் கியர் தண்டையும் கியர்பாக்ஸையும் இணைக்க, காரின் முதுகெலும்பாக நின்று வலிமை தரும் நடுச்சுரங்கத்தைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்; கையால் மாற்றும் கியரைக் கேட்டு வாங்குபவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. பதிலாக ட்ரெமெக் நிறுவனம் செய்த, எட்டு வேகமுள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்தது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிலும் இணைந்திருப்பதால், மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும்; மாற்றும் கணத்தில் ஒரு கிளட்ச் விட மற்றொன்று பிடித்துக்கொள்வதால் உந்துதல் அறுபடுவதில்லை. மனிதக் கையால் இந்த வேகத்தில் மாற்ற முடியாது என்பது உண்மை. கையால் மாற்றும் இன்பத்தை அது ஈடு செய்துவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு, அறிமுக நாளில் பார்வையாளர்களை அசர வைத்தது விலைதான்: அடிப்படைக் கார் 60,000 டாலருக்குள் கிடைக்கும் என்ற அறிவிப்பு. அப்போது சந்தையில் இருந்த ஆடி ஆர்8, அக்யுரா என்எஸ்எக்ஸ் போன்ற நடு என்ஜின் கார்கள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியவை. ஃபோர்டின் ஜிடி நான்கு லட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கைதான் இதற்கு விடை. மற்றவர்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் செய்யும் காரை பௌலிங் கிரீன் தொழிற்சாலை பல்லாயிரக்கணக்கில் செய்யத் திட்டமிட்டது. சட்டகத்தைப் பல சிறு துண்டுகளை ஒட்டிச் செய்யாமல், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் உள்ள தன் வார்ப்பாலையிலேயே ஆறு பெரிய அலுமினிய வார்ப்புகளாக வார்த்துக்கொண்டதும் இதற்கு உதவியது. 2019 இலையுதிர் காலத்தில் தொழிற்சங்கம் நடத்திய 40 நாள் வேலைநிறுத்தத்தால் உற்பத்தி தள்ளிப்போய், 2020 பிப்ரவரியில் தொடங்கி, அடுத்த மாதமே கொரோனாவால் மறுபடி நின்றது. தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் செய்யப்பட்ட முதல் கார்வெட்டும் இந்தத் தலைமுறைதான். ஜப்பானும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதனால் பயன்பெற்றன.

என்ஜினை இடம் மாற்றியதன் முழுப் பயன் பின்னால் வந்த மாதிரிகளில்தான் தெரியத் தொடங்கியது. 2021-இல் வந்த இசட்06, நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை சுழலக்கூடிய 5.5 லிட்டர் என்ஜினில் 670 குதிரைத்திறன் தந்தது. 2023-இல் வந்த ஈ-ரே, வெறுமையாகிவிட்ட மூக்கில் 160 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டாரை வைத்து முன்சக்கரங்களையும் இழுக்க வைத்தது, அதற்கான 1.9 கிலோவாட் மணி பேட்டரி, இருக்கைகளுக்கு நடுவே கியர் தண்டின் இணைப்பு ஓடாமல் மிஞ்சிய அதே நடுச்சுரங்கத்தில் அமர்ந்தது. நான்கு சக்கரங்களும் உந்தும் கார்வெட் என்பது டன்டோவ் 1964-இல் செர்வ் 2-இல் செய்து பார்த்ததுதான். மொத்தம் 655 குதிரைத்திறன் கொண்ட ஈ-ரே, 60 மைல் வேகத்தை 2.5 விநாடியில் எட்டுகிறது. 2024-இல் இரட்டை டர்போ பொருத்திய இசட்ஆர்1, 1,064 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பி, மணிக்கு 233 மைல் (சுமார் 375 கி.மீ.) வேகத்தைத் தொட்டது. 2025 ஜூனில் வந்த இசட்ஆர்1எக்ஸ் அந்த என்ஜினோடு ஈ-ரேயின் முன் மோட்டார் ஏற்பாட்டையும் சேர்த்து 1,250 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது; இவ்வளவு சக்தியை இரண்டு டயர்களிடம் ஒப்படைக்க இந்த முறை பொறியாளர்கள் முயலவில்லை.